நல்ல தண்ணி

சனிக்கிழமை சாயங்காலம் அழைப்புமணி அடித்தால் அது என் புருஷன்தான். மணியை அடித்துவிட்டு ஓர் அடி பின்னால் தள்ளி நிற்பார், மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் மாதிரி. வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இன்னும் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. இருந்தாலும் மணிதான். நான் கதவைத் திறந்து "ம்" என்பேன். அவரும் "ம்" என்பார். பிறகு நேரே கூடத்து மூலைக்குப் போய்க் கடல் தொட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். நான் சமையலறையில் இல்லாத வேலையை உண்டாக்கிக்கொண்டு பாத்திரங்களை உருட்டுவேன்.

அந்தத் தொட்டிக்கு நான் வைத்த பெயர் சக்களத்தி. ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பாறைகள், பாறைகள் மேல் பவளங்கள். சுத்தியல் என்று ஒன்று, பச்சை விரல்களின் நுனியில் சின்னச் சின்னச் சுத்தியல் தலையோடு நாள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கும். பொத்தான் என்று ஒரு கூட்டம், சட்டைக்குத் தைக்கலாம் போல ஆரஞ்சு நிறத்தில் வட்டம் வட்டமாக. மூளை என்று ஒன்று, பெயருக்கேற்ற மடிப்பு. இரண்டு கோமாளி மீன்கள். முதுகில் வெள்ளைக் கோடு போட்ட ஓர் இறால். பவளம் என்றால் நகைக்கடையில் இருப்பது என்று நினைத்திருந்த எனக்கு, அது உயிரோடு இருக்கும், கோபம் வந்தால் சுருங்கும், சமாதானமானால் விரியும் என்பதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்துகொண்ட விஷயங்கள். எங்கள் வீட்டில் அந்த இரண்டையும் வெளிப்படையாகச் செய்தது அவை மட்டும்தான்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். ஊர்ப்பட்ட ஜனங்களை மேலேயும் கீழேயும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர், என்னிடம் பேச வந்தால் மட்டும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோவார். வேலை முடிந்து வந்ததும் நகக்கண்ணில் ஏறிய கிரீஸை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பார். சோப்புப் போடமாட்டார், சோப்பு பவளத்துக்கு ஆகாதாம். என் சமையல் ஆகிறதா ஆகவில்லையா என்று இருபது வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தண்ணீரில் சுண்ணாம்பு ஒரு புள்ளி குறைந்தால் முகம் வாடிவிடும்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது போன வருஷம். என் பித்தப்பையை எடுத்துப் போட்ட அன்றைக்கு, மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தால் பக்கத்தில் என் மகள் மட்டும்தான் உட்கார்ந்திருந்தாள், ஹாஸ்டலிலிருந்து பஸ் பிடித்து வந்தவள். இவர் மறுநாள் காலையில்தான் வந்தார். "பம்பு நின்னுபோச்சு" என்றார். அவ்வளவுதான். தையல் பிரித்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, "நீங்க கொஞ்ச நாள் வேற எடத்துல இருங்க" என்றேன். மறுத்து ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்குக் கிடைத்தது ஒரு மூன்றாம் மாடி அறை. தொட்டி இருக்கிற கனத்துக்கு அதை மேலே ஏற்றவே கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். ஆகப் புருஷனை அனுப்பிவிட்டுச் சக்களத்தியை வைத்துக் காப்பாற்றுகிற ஒரே பெண்பிள்ளை உலகத்திலேயே நானாகத்தான் இருக்கும். மகள் போனில் சிரிப்பாள். "அம்மா, அப்பாவுக்கு நீ டைவர்ஸ் குடுத்தாலும் தொட்டி குடுக்காதும்மா."

இப்படியே சனிக்கிழமைகளாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "கீழ் வீடு ஒண்ணு கெடைச்சிருக்கு" என்றார். "தரை நல்லா கெட்டியா இருக்கு. வெயிட்டு தாங்கும். வெளியூர் வேலை ஒண்ணு இருக்கு, அத முடிச்சுட்டு வந்ததும் இத எடுத்துட்டுப் போயிடறேன். ஒனக்கும் எடஞ்சலா இருக்காது."

விட்டது சனி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "எடுத்துட்டுப் போங்க, கூடத்துல ஒரு சோபா போடலாம்" என்று சொல்லவும் சொன்னேன். ஆனால் அடுப்படிக்கு வந்த பிறகு கை ஒரு வேலையும் செய்யவில்லை. ஒரு விஷயம் அவருக்குத் தெரியாது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் தொட்டிக்குள் ஒரு விரலை விடுவேன். அந்த இறால் பாறை இடுக்கிலிருந்து மீசையை ஆட்டிக்கொண்டு வந்து, விரலில் ஏறி, நகத்தைச் சுற்றிப் பொறுக்கிப் பொறுக்கிச் சுத்தம் செய்யும். மீன்களுக்குச் செய்கிற சேவையை எனக்கும் செய்தது. நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் அடுத்தவர் கண்ணைப் பரிசோதிக்கிறவள் நான். ஒருவர் நம் கையைப் பிடித்து இவ்வளவு கவனமாகப் பார்க்கிறார் என்பது எனக்குப் பழக்கமில்லாத சுகமாக இருந்தது. தொட்டி போனால் அது போகும். தொட்டி போனால் சனிக்கிழமையும் போகும். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஊருக்குக் கிளம்புகிற அன்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "கீழ அலமாரிக்குள்ள ஒரு வாளி இருக்குல்ல, அதுலேருந்துதான் சொட்டு சொட்டா தொட்டிக்குப் போவுது. அது காலியாச்சுன்னா நல்ல தண்ணி ஊத்தி வெச்சிடு. மீனுக்கு ஒரு சிட்டிகை போடு. வேற எதுலயும் கை வைக்க வேணாம்."

சமையலறைக்குப் பின்னால் இரண்டு விதத் தண்ணீர் இருந்தது. வெள்ளைக் கேன்களில் வடிகட்டிய தண்ணீர். பெரிய நீல டிரம்மில் அவர் உப்புப் பொடி கரைத்து வைத்த தண்ணீர். நான் ஒன்றும் யோசிக்காமல் இல்லை. நின்று யோசித்தேன். இருப்பது கடல். கடல் குறைந்தால் கடலைத்தானே ஊற்ற வேண்டும்? நீல டிரம்மிலிருந்து செம்பு செம்பாக மொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல், வாளி காலியாகும் போதெல்லாம் நிரப்பினேன். என் மகளுக்குக்கூட அவ்வளவு நேரம் தவறாமல் பால் கொடுத்ததில்லை.

முதல் வாரம் போனதும் சுத்தியல் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு பொத்தான்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மூளை வற்றல் போலச் சுருங்கி, எலும்பு தெரிந்தது. ஆளைத் தேடுகின்றன போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கே அப்படி இருந்ததால் அதில் ஆச்சரியம் ஒன்றும் தெரியவில்லை. "வந்துடுவாரு, வந்துடுவாரு" என்று கண்ணாடியைத் தட்டிச் சொல்லிவிட்டு இன்னும் ஒரு செம்பு கூடவே ஊற்றினேன்.

ஒரு நாள் காலையில் விரலை விட்டால் இறால் வரவில்லை. பாறைக்குப் பின்னால் பக்கவாட்டில் கிடந்தது. வெள்ளைக் கோடு மட்டும் அப்படியே இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஓர் இறாலுக்காக அழுதேன் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அழுது முடித்துப் போன் பண்ணினேன். அவர் வெளியே போய்த் தங்கிய பிறகு நானாக அவருக்குப் பண்ணிய முதல் போன் அதுதான்.

"எறா செத்துப்போச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "மத்ததெல்லாம் எப்படி இருக்கு?"

"எல்லாம் மூடிக்கிட்டு கெடக்கு."

"வந்துடறேன்."

மறுநாள் மணி அடிக்கவில்லை. சாவி திரும்புகிற சத்தம் கேட்டு நான் எழுந்து வருவதற்குள் அவர் செருப்போடு தொட்டி முன்னால் நின்றார். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. உப்புப் பார்க்கிற குழலை எடுத்தார். ஒரு சாண் நீளத்தில் சின்னத் தொலைநோக்கி மாதிரி இருக்கும். முனையில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் மேலே நீலமும் கீழே வெள்ளையும் தெரியும். இரண்டும் சந்திக்கிற கோட்டில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் உப்பு. முப்பத்தைந்து இருக்க வேண்டும்.

"நாப்பத்திரெண்டு" என்றார். குழலைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் பின்பக்கம் போனார். நீல டிரம்மின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"டிரம்மு பாதி காலியா இருக்கு. கேனு எல்லாம் அப்படியே இருக்கு."

"ஆமா."

"வேணும்னே ஊத்தினியா?" சத்தமே போடாமல் கேட்டார்.

எனக்கு உச்சந்தலையில் அடித்த மாதிரி இருந்தது. "சக்களத்தின்னு வாயால சொன்னேன், இல்லங்கல. அதுக்காக வெஷம் வைக்கறவளா நானு? நல்ல தண்ணி ஊத்துன்னு சொன்னீங்க, ஊத்தினேன்!"

"நல்ல தண்ணின்னா உப்பு இல்லாத தண்ணிதானே? ஊர் ஒலகத்துல எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?"

"ஊர் ஒலகத்துல சொல்லுவாங்க. இந்த வீட்ல? உப்பக் கரைச்சு, ராத்திரி பூரா கலக்க விட்டு, காலைல அந்தக் கொழாய்ல பாத்துட்டு, 'ஆங், இப்பதான் நல்ல தண்ணி'ன்னு இத்தன வருஷமா சொன்னது யாரு? நானா?"

யோசிக்கிறபோது காது மடலைத் தடவுவது அவர் வழக்கம். தடவிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாந்தான் சொன்னேன்" என்றார் கொஞ்சம் கழித்து. "ரெண்டையும் நாந்தான் சொல்லியிருக்கேன்."

அடித்தால் திருப்பி அடிக்கத் தயாராக நின்ற என் வேகம் அங்கேயே அடங்கிவிட்டது. நானும் உட்கார்ந்தேன்.

"ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான்" என்றார். "உப்பு எங்கயும் போவாது. உள்ளயேதான் கெடக்கும். அதான் வெறும் தண்ணிய ஊத்தணும். அதுமேல உப்பயே ஊத்திக்கிட்டே வந்தா எதுதான் தாங்கும்?"

எங்கள் இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் திகைத்துப் போனேன். இல்லை, தண்ணீரைப் பற்றித்தான் சொன்னார். அவருக்கு உவமையெல்லாம் வராது.

உப்பு ஏறியதை ஒரே நாளில் இறக்க முடியாதாம். சட்டென்று இறக்கினால் மிச்சம் இருப்பதும் செத்துப்போகும். கொஞ்சம் உப்புத் தண்ணீரை எடுத்து, அதே அளவு வெறும் தண்ணீரை ஊற்றி, ஒரு நாளைக்கு ஒரு கோடு, அதற்கு மேல் கூடாது. வெளியூர் வேலைக்கு வேறொருவரை அனுப்பச் சொல்லிவிட்டு, இவர் உள்ளூர் வேலை முடித்துத் தினமும் சாயங்காலம் வர ஆரம்பித்தார்.

"கீழ் வீடு என்னாச்சு?" என்று கேட்டேன், ஏதோ பால் விலை கேட்கிற மாதிரி.

"முப்பத்தஞ்சுக்கு வராம நவுத்த முடியாது. வழியிலயே எல்லாம் போயிடும். வந்துட்டா மறுநாளே எடுத்துடலாம்."

அன்றிலிருந்து முப்பத்தைந்து எனக்கு ஆகாத எண் ஆகிவிட்டது. நாற்பத்தொன்று, நாற்பது என்று அவர் சொல்லச் சொல்லச் சுத்தியல் ஒரு விரலை நீட்டும், பொத்தானில் ஒன்றிரண்டு திறக்கும். எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணவும் செய்வேன். நான் வாளி பிடிப்பேன், அவர் மொண்டு ஊற்றுவார். "ம்" என்பதைத் தாண்டி, "கொஞ்சம் சாய்ச்சுப் பிடி", "தரையெல்லாம் ஈரம், பாத்து" என்கிற அளவுக்குப் பேச்சு வளர்ந்தது. அது முடிந்ததும் நான் இரண்டு டம்ளர் டீ போடுவேன். மிச்சம் இருந்தது என்று சொல்லித்தான் கொடுப்பேன்.

அப்படி டீ குடிக்கும்போதுதான் ஒரு நாள் என் வாய் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டுவிட்டது. "எறாலுக்கு ஒரு போன் பண்ணினா மறுநாளே வந்து நிக்கறீங்க. என் வயித்தக் கிழிச்சப்போ வர முடியல."

டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறையும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது என்று நினைத்து எழப்போனேன்.

"பம்பு நின்னது நெசம்" என்றார். "அர மணி நேரத்துல சரி பண்ணிட்டேன். அதுக்கப்புறமும் அதையே கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். பம்பு நின்னா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். அங்க வந்து நான் என்ன பண்றதுன்னு தெரியல."

"ஒண்ணும் பண்ண வேணாமே. சும்மா பக்கத்துல உக்காந்திருந்தா போதுமே."

"அது போதும்னு அப்ப தெரியல."

அவ்வளவுதான் பேசினோம். இதை மன்னிக்கலாமா கூடாதா என்று எனக்கு இன்றுவரை முடிவாகத் தெரியாது. ஆனால் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அந்த ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண் திறந்த நாளிலிருந்து என் மனசில், நான் தொட்டியை விடக் கேவலம் என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. அது, இந்த மனுஷன் ஒரு முட்டாள் என்று மாறிவிட்டது. முட்டாளோடு காலம் தள்ளலாம், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது? "போங்க" என்று சொல்ல ஒரு நொடி ஆனது. "வாங்க" என்று சொல்ல நாக்கு எழவில்லை. போகச் சொன்னது நான், வரச் சொல்லவேண்டியதும் நான்தான் என்று அறிவுக்குத் தெரிகிறது. சொன்னால், "கீழ் வீட்டுக்கு வாக்கு குடுத்துட்டேனே" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கடையில் ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டே இதை யோசித்துக்கொண்டிருந்ததில், அவர் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்துவிட்டு, "அடுத்தது என்னம்மா?" என்று கேட்டார். எந்தக் கண்ணை மூடச் சொன்னேன் என்பதே மறந்துபோயிருந்தது.

முப்பத்தாறு என்று அவர் சொல்லிவிட்டுப் போனதற்கு மறுநாள் காலை, நான் நீல டிரம்மைத் திறந்தேன். செம்பை முக்கி எடுத்தேன். ஒரு செம்பு. மிஞ்சினால் இரண்டு செம்பு ஊற்றினால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு கோடு ஏறும், இன்னும் இரண்டு நாள் கிடைக்கும். செம்போடு தொட்டிக்கு வந்தால், அதன் மேல் இருக்கிற நீல விளக்கு அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தது. மூளையின் ஓரத்தில், எலும்பு தெரிந்த இடத்தில், நகக்கண் அளவுக்குப் புதுச் சதை பச்சையாகப் படர்ந்திருந்தது. தெரியாமல் கெடுத்தது வேறு, தெரிந்து கெடுப்பது வேறு. எனக்கே வெட்கமாகிவிட்டது. செம்பைக் கொண்டுபோய் டிரம்மிலேயே கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனேன். இன்றைக்கு முப்பத்தைந்து வரட்டும், வந்தால் நாளை எடுத்துக்கொண்டு போகட்டும், ஆனது ஆகட்டும் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் அவர் வந்தபோது தொட்டி முழுக்கத் திறந்திருந்தது. சுத்தியல் அத்தனை விரல்களையும் நீட்டி ஆடிக்கொண்டிருந்தது. பொத்தான்களில் மூடியது ஒன்றுகூட இல்லை. பார்வை இல்லாதவர்களுக்குக்கூடத் தெரிந்துவிடும், எல்லாம் சரியாகிவிட்டது என்று. நான் வாளியை எடுத்து வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். அவர் ஒரு சொட்டை விட்டு, குழலைக் கண்ணில் வைத்தார். வெகுநேரம் பார்த்தார். குழலைத் திருப்பி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார்.

"முப்பத்தாறுதான்" என்றார். "அப்படியே நிக்குது. எறங்கல."

"அப்படியா?"

"ஆமா. சில சமயம் அப்படி ஆவும்."

"குடுங்க, நானும் பாக்கறேன்."

அவர் கை ஒரு நொடி தயங்கியது. பிறகு கொடுத்தார். நான் கண்ணில் வைத்தேன். எத்தனையோ வருஷமாக மயிரிழைக் கோடுகளைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். நீலமும் வெள்ளையும் முப்பத்தைந்தில், அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி, அசையாமல் நின்றன.

குழலை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் காது மடலைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்புப் பண்ணிவிட்டு நிற்கிற மகள் முகத்தில் வருமே, அதே முகம்.

"ஆமா" என்றேன். "முப்பத்தாறுதான். அதுக்கும் கொஞ்சம் மேலகூட இருக்கும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும், அவர் பார்க்கிற வழக்கத்துக்கு.

"அப்ப நாளைக்கும் வரணும்" என்றார்.

"பின்ன? பாதியில விட முடியுமா? தெனம் எதுக்கு அவ்வளவு தூரத்துலேருந்து அலையறீங்க? பையக் கொண்டாந்து இங்கயே வெச்சுக்கிட்டா என்ன? இது எறங்கற வரைக்கும்."

"எறங்க நாளாவும்" என்றார் மெதுவாக.

"ஆகட்டும்."

அவர் திரும்பித் தொட்டி முன்னால் மண்டி போட்டார். தினமும் செய்கிற மாதிரியே செம்பை விட்டு ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றினார். இன்னொன்று. இன்னொன்று. அடுத்தபடியாக வெள்ளைக் கேனைத் திறந்து வெறும் தண்ணீரை எடுக்க வேண்டும். கேன் அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை ஒரு பார்வை பார்த்தார், ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கண்ணாடியை அழுத்தி அழுத்தித் துடைக்க ஆரம்பித்தேன். அந்தப் பக்கத்துக் கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. அவர் வாளியை இரண்டு கையாலும் தூக்கி, எடுத்த அதே தண்ணீரை, ஒரு சொட்டு மிச்சமில்லாமல், மெல்லத் தொட்டிக்குள்ளேயே சாய்த்தார். சுத்தியலின் விரல்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, பழையபடி ஆட ஆரம்பித்தன.